மிதிபட்ட ரோஜாச் செடியின் சாட்சியம்

“வாடிக்கையாளர் நம்பிக்கைப் பிரிவின் தலைவர். இருபத்தைந்து ஆண்டு அனுபவமும் மாறாத புன்னகையும் கொண்டவர்.”

தண்ணீர்த் தொட்டி சுத்தம் செய்யும் அந்த நிறுவனத்தின் வலைத்தளத்தில் அக்காவைப் பற்றி இப்படித்தான் இருந்தது. பக்கத்தில், காதில் ஹெட்போன் மாட்டிய யாரோ ஒரு பெண்ணின் படம். நிறுவனத்துக்கே வயது ஆறு. பிரிவில் வேறு ஆள் கிடையாது. நம்பிக்கையோ அக்காவிடம் மருந்துக்கும் இல்லை. “சாப்பிட்டாச்சு” என்று கணவர் சொன்னால், எச்சில் தட்டைக் கண்ணால் பார்த்த பிறகுதான் சோற்றுப் பானையை மூடுவாள்.

முதலாளி அவளுடைய சொந்தத் தம்பி. தளத்தில் உள்ளதை எழுதியவனும் அவனே. ஊரையே சந்தேகப்பட்டவள் அதை மட்டும் ஒருநாளும் திறந்து பார்க்கவில்லை.

ஒரு திங்கட்கிழமை, பள்ளிக்கூட நிர்வாகி அம்மாள் ஒருவர் போன் செய்தார். எட்டுத் தொட்டிகள், வருஷ ஒப்பந்தம். ஆனால் தளத்தில் சொல்லியிருக்கும் ஒவ்வொன்றுக்கும் வெள்ளிக்கிழமைக்குள் ஆதாரம் வேண்டும். பிள்ளைகள் குடிக்கிற தண்ணீர் என்றார். வேலை குறைந்திருந்த நேரம். இதுவும் கைநழுவினால், தொட்டிக்குள் இறங்கும் நாலு பேரில் இரண்டு பேரை நிறுத்த வேண்டியதுதான் என்று தம்பி ஏற்கெனவே சொல்லியிருந்தான்.

அக்கா தளத்தைத் திறந்தாள்.

“இருபத்தஞ்சு வருஷம் எங்கேருந்துடா வந்துச்சு?”

“எல்லாரோட அனுபவத்தையும் கூட்டினேன்க்கா.”

கூட்டலில் பிழையில்லை. டிரைவர் லாரி ஓட்டிய பதினொரு வருஷமும் அதில் சேர்ந்திருந்தது. தளத்தில் போட்டிருந்த ஐந்தாயிரம் மகிழ்ச்சியான குடும்பங்கள் எங்கே என்று கேட்டதற்கு, இனிமேல் வருவார்கள் என்றான். பக்கத்தில் மின்னிய தங்க முத்திரை இணையத்தில் இலவசமாகக் கிடைத்ததாம். வேடிக்கை என்னவென்றால், உண்மையான ஆதாரம் அலமாரியில் தூசி தின்றுகொண்டிருந்தது: ஒவ்வொரு வேலைக்குப் பிறகும் ஆய்வகத்தில் வாங்கிய தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கைகள். பார்க்க லட்சணமாக இல்லை என்று அவன் போடவில்லை.

அக்கா பொய்களை அழித்தாள். தளம் மொட்டையானது. அறிக்கைகளை ஏற்றினாள், யாரும் ஆய்வகத்திலேயே கேட்டுப் பார்க்கும்படி அறிக்கை எண்ணோடு. பிறகு பழைய வாடிக்கையாளர்களைக் கூப்பிட்டு, அவர்கள் சொல்வதையும் போன் நம்பரையும் போடலாமா என்று கேட்டாள். பல் டாக்டர் ஒருவர் தாராளமாகச் சம்மதித்தார்.

“ரெண்டு தடவையும் லேட்டு. என் ரோஜாச் செடிய வேற மிதிச்சுட்டாங்க. தொட்டி மட்டும் சுத்தம். அடியில ஊசி கெடந்தாலும் தெரியும்.”

தம்பி காலில் விழாத குறை. “அந்த ரோஜாவையாவது எடுத்துடுக்கா.”

“கொறையே இல்லாத ஆளுங்கன்னு போட்டா நானே நம்ப மாட்டேன்டா.”

வெள்ளிக்கிழமை காலை டாக்டரே உற்சாகமாகப் போன் செய்தார். பள்ளிக்கூடத்திலிருந்து விசாரித்தார்களாம், ரோஜாவைப் பற்றி விலாவாரியாகச் சொல்லிவிட்டாராம். தம்பி தலையில் கைவைத்து உட்கார்ந்தான். எல்லாரையும் சந்தேகப்பட்டவளுக்கு முதல்முறையாகத் தன்மேலேயே சந்தேகம் வந்தது.

மதியம் நிர்வாகி அம்மாள் கூப்பிட்டார்.

“அரை மணி நேரம் உங்களைத் திட்டினாரும்மா. கடைசியில, அடுத்த மாசமும் உங்களையே வரச் சொல்லியிருக்கேன்னார். ஏன் சார்னு கேட்டா, ‘தண்ணி நல்லாருக்கே’ங்கறார். எனக்கு அது போதும். திங்கக்கிழமை வந்துடுங்க. எங்ககிட்டயும் பூச்செடி இருக்கு, பாத்து.”

அன்று அலுவலகத்தில் எல்லாருக்கும் ஐஸ்கிரீம். டிரைவர் மட்டும் இரண்டு சாப்பிட்டார், பதினொரு வருஷ அனுபவத்தைக் காரணம் காட்டி. திங்கட்கிழமை நாலு பேருமே தொட்டியில் இறங்கினார்கள்.

தளத்தில் இப்போது அந்தப் புன்னகைப் பெண் இல்லை. அக்காவின் சொந்தப் படம்தான். ஒரு கண் பாதி மூடியிருக்கிறது. கீழே, “போன் எடுப்பவர்.”

அந்த வெள்ளிக்கிழமைக்கு முந்தைய நாலு நாளில் அவள் தொண்ணூற்றாறு பேரைக் கூப்பிட்டாள். முப்பத்தொன்பது பேர் சம்மதித்தார்கள். அவர்கள் சொன்னதை ஒரு சொல் மாற்றாமல் போட்டாள்.