டீச்சரின் நல்ல கால்

கடைச் செருப்பு பொருந்தாதவர்களுக்குச் செருப்பு வடிவமைப்பதுதான் அவள் வேலை. ஒரு கால் குட்டையானவர்கள், விரல் போனவர்கள், பாதம் வளைந்தவர்கள் எல்லோரும் வருவார்கள். அவர்களுக்கு அவள் ‘அளவு அக்கா’. பாதத்தை ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் வடிவம் வரைவது அவள். பக்கத்து அறையில் வெட்டித் தைப்பது தம்பி.

பதினோரு வருடமாக ஒரே மென்பொருள், ஒரே பதிப்பு. எந்த மெனுவில் எது இருக்கிறது என்று கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்லிவிடுவாள். அந்த வருடம் ஸ்கேனர் படுத்துவிட்டது. புதிதாக வாங்கியதோ மென்பொருளின் புதிய பதிப்போடு மட்டுமே ஒத்துப்போகும். மாறிவிடலாம் என்றான் தம்பி. அவள் பிடி கொடுக்கவில்லை. ஒரு மாதம் இலவசமாகப் பார்க்கலாம், பார்த்துவிட்டு வேண்டாமென்று சொல் என்று அவன் விடாமல் கேட்கவே, புதிய பதிப்பில் டீச்சரின் கோப்பைத் திறந்தாள்.

டீச்சர் அவளுடைய முதல் வாடிக்கையாளர். விபத்தில் இடது காலில் இரண்டு விரல்களை இழந்தவர். அந்த இடைவெளியை நிரப்ப அவள் பார்த்துப் பார்த்துச் செதுக்கியிருந்த மேட்டை, ஏதோ பிழை என்று எண்ணிப் புதிய பதிப்பு வழவழவென்று சமன்செய்துவிட்டது.

“பாத்தியா? கால் இப்படித்தான் இருக்கணும்னு அதுவே முடிவு பண்ணிடுது,” என்றாள்.

தம்பி மறுக்கவில்லை. ஆனால் பழைய ஸ்கேன்களை வைத்தே, நடக்கும்போது பாரம் எங்கே விழும் என்று கணித்துக் காட்டும் படத்தை அதே திரையில் திறந்தான். டீச்சரின் வலது குதிகால் சிவந்து தெரிந்தது. நல்ல காலில் என்ன கோளாறு, இது கண்டதையும் காட்டும் என்று அவள் தள்ளிவிட்டாள். இருந்தும் மனசு கேட்கவில்லை.

அடுத்த வாரம் டீச்சர் புதுச் செருப்புக்கு அளவு கொடுக்க வந்தபோது கேட்டேவிட்டாள். ஒன்றுமில்லை என்று மழுப்பிய டீச்சர், பிறகு வலது செருப்பைக் கழற்றிக் காட்டினார். உள்ளே, குதிகால் படும் இடத்தில், நாலாக மடித்த துணி.

“எத்தன நாளா டீச்சர்?”

“ஆச்சு, ஆறேழு வருஷம். அடிபட்ட காலுக்கு நீ அவ்வளவு பாடுபடுற. இந்த நல்ல காலப் பத்திக் குறை சொல்ல எனக்கு வாய் வரல.”

அவளுக்குச் சுருக்கென்றது. அடிபட்ட காலையே பார்த்துக்கொண்டிருந்தவள், அதன் பாரத்தையும் சேர்த்துச் சுமந்த காலைத் திரும்பியும் பார்க்கவில்லை.

மாறிவிடலாம் என்று அன்று மாலையே தம்பியிடம் சொன்னாள். ஆனால் தானாகச் சமன்செய்யும் வசதியை அணைத்துவிட வேண்டும். பழைய பதிப்பும் பழைய கம்ப்யூட்டரிலேயே இருக்க வேண்டும். கோப்புகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து மாற்ற நாலு மாதம் பிடித்தது. முதல் சில வாரங்கள், அச்சிடும் பொத்தானைத் தேடவே தம்பியைக் கூப்பிட வேண்டியிருந்தது.

ஒவ்வொரு கோப்பையும் மூடுமுன் அதற்கு உரியவருக்குப் போன் செய்து, இன்னொரு கால் எப்படி இருக்கிறது என்று விசாரித்தாள். பலருக்கு ஒன்றும் இல்லை. குழாய் வேலை செய்பவர் மட்டும், “இப்பத்தான் கேக்கத் தோணுச்சா?” என்று கடிந்துகொண்டு, அரை மணி நேரம் விடாமல் பேசினார். குறுக்கே பேசாமல் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள்.