மிஸ் கிரேவியின் இடது கையுறை

பெவ் என்கிற பெவர்லி ஹோல்ட்ராய்டுக்கு ஐம்பத்து மூன்று வயதில் ஒரு விசித்திரமான சிக்கல் வந்தது. மெதுவாக உடை கழற்ற அவளுக்கு வரவில்லை.

இங்கிலாந்தில், ஹாலிஃபாக்ஸில் ஒரு பள்ளிக்கூடச் சாப்பாட்டுக்கூடத்தில் இருபத்தெட்டு வருஷமாகப் பரிமாறுகிறவள். நாற்பது நிமிஷத்தில் இருநூறு பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்கு வைத்து, கிரேவி ஊற்றி, விரட்டி அனுப்புகிற கை அது. அந்தக் கையோடு போய், மேடையில் உடை கழற்றி ஆடுகிற பர்லெஸ்க் ஆட்ட வகுப்பில் சேர்ந்தால் வேறென்ன ஆகும்? பாட்டு நாலு நிமிஷம். கழற்றப் போவதுபோல் போக்குக் காட்டி, ஏமாற்றி, சிரிக்க வைத்து, கெஞ்ச வைத்து, அப்புறம்தான் ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். பெவ்வோ ஒன்றேகால் நிமிஷத்தில் கையுறை, கவுன், கச்சு, காலுறை எல்லாவற்றையும் கழற்றி, மடித்து, நாற்காலியில் அடுக்கிவிட்டு, மார்பில் ஒட்டிய இரண்டு குஞ்சங்களோடு பஸ்ஸுக்கு நிற்பவள்போல நின்றாள். மிச்சப் பாட்டு அது பாட்டுக்கு ஓடியது.

"ஏன்க்கா, ஊருக்குக் கெளம்புறீங்களா?" என்றாள் கெசாயா. வகுப்பு நடத்துகிறவள், பெவ்வை விட இருபது வயசு சின்னவள், வாய் மட்டும் பெரிசு. "துணியை மடிக்கிறாங்க பாரு! வீசணும்க்கா, வீசணும்."

"கசங்கிடாதா கண்ணு?"

"கசங்கட்டும். இங்க பாருங்க, ஞாயித்துக்கிழமை மேடையில பாட்டு முடியறதுக்கு முன்னாடி நீங்க முடிச்சீங்கன்னா, நம்ம குழுவுல எடம் கெடையாது. அப்புறம் எங்கிட்ட மூஞ்சிய தூக்கி வச்சுக்கக் கூடாது. ஏன்தான் இந்த அவசரமோ?"

"பாக்கறவங்கள ரொம்ப நேரம் கஷ்டப்படுத்தக் கூடாதுல்ல?"

எல்லோரும் சிரித்தார்கள். பெவ்வும் சிரித்தாள். ஆனால் அவள் சொன்னது வேடிக்கைக்கு இல்லை. கணவன் டிரெவரோடு இருபத்தாறு வருஷம் குடித்தனம் நடத்தியபோது அலமாரிக் கதவுக்குப் பின்னால் நின்றுதான் உடை மாற்றுவாள். அந்த மனிதன் ஒரு நாளும் தப்பாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஏறெடுத்துப் பார்த்ததும் இல்லை. பார்க்க ஒன்றுமில்லை போலிருக்கிறது என்று இவளே முடிவு கட்டிக்கொண்டாள். கதை சொல்கிற எனக்கே அந்த ஆள்மேல் இன்னும் கோபம்தான். இந்தக் குழுவில் ஓர் இடம் கிடைத்துவிட்டால் அந்த முடிவு பொய்யாகிவிடும் என்று பெவ்வுக்கு ஒரு நம்பிக்கை. வெளியே சொல்லவில்லை; பல்லைக் கடித்துக்கொண்டு வேண்டினாள்.

ஞாயிறு மதியம் மூன்று மணி, மதுக்கடையின் மாடிக்கூடம், அறுபது பேர். 'மிஸ் கிரேவி' என்று அவளுடைய மேடைப்பெயரைக் கூப்பிட்டதும் பெவ் ஏறினாள். முழங்கைவரை பட்டுக் கையுறை. மணிக்கட்டில், கையுறைக்கு மேலே, கல் பதித்த, கொக்கி வைத்த வளையல்கள். கழன்று விழுந்து மானம் போகக் கூடாதே என்று வளையல்களைக் கையுறையோடு சேர்த்து நாலு தையல் போட்டு, கொக்கியை இறுக்கியும் வைத்திருந்தாள். கழற்றத்தான் போட்டுக்கொள்கிறோம் என்பதே அந்த நேரத்தில் அவளுக்கு மறந்துவிட்டது.

இடது கையுறையை இழுத்தாள். வரவில்லை. பல்லால் இழுத்தாள். வரவில்லை. வலதுகை விரல்கள் பட்டில் வழுக்கின, கொக்கி அசையவில்லை. யாரோ விசிலடித்தார்கள். பெவ்வுக்குக் காது சுட்டது. நாற்காலியில் ஒரு காலைத் தூக்கி வைத்து இழுத்தாள். இரண்டாம் தடவை புட்டிங் கேட்ட பையனை முறைப்பதுபோல் தன் கையையே முறைத்தாள். கூடம் குலுங்கிச் சிரித்தது. வேறு வழியில்லாமல் மேடை விளிம்பில் குனிந்து, முன்மேஜையில் இருந்த கிளிஃபர்ட் என்பவரிடம் கையை நீட்டினாள். அவர் தின்றுகொண்டிருந்த பன்றிக்கறி அடைத்த ரொட்டியைக் கீழே வைத்தார்.

அவர் மனைவி மார்ஜரி அவர் கையில் ஒன்று போட்டாள். "ஆட்டக்காரிய தொடக் கூடாது! சுவத்துல எழுதியிருக்குல்ல?"

"அவங்களேதானே நீட்டுறாங்க!"

"நாந்தான் சொல்றேன், அவுத்து விடுங்க. கையத் தொடச்சுட்டு!" என்றாள் பெவ், சாப்பாட்டுக்கூடக் குரலில்.

கிளிஃபர்ட் கண்ணாடியைத் தேடினார். கூடமே அவருக்கு யோசனை சொன்னது. கொக்கி விட்டது, தையல் அறுந்தது, பாட்டின் கடைசி அடியில் கையுறை கழன்றது. மடிக்கப் போனவள் சட்டென்று வீசினாள். அது கிளிஃபர்டின் பீரில் போய் விழுந்தது.

பாட்டு முடிந்துவிட்டது. உடம்பில் மற்ற அத்தனையும் அப்படியே இருந்தன. தொலைந்தது காரியம் என்று பெவ் உள்ளே ஓடினாள். கெசாயா வழியை மறித்து நின்றாள். சிரித்துச் சிரித்துக் கண்மை கன்னமெல்லாம் வழிந்திருந்தது.

"எங்க ஓடுறீங்க? போய் நில்லுங்க. பாக்கட்டும்."

"எடம் உண்டா இல்லையா, அத மொதல்ல சொல்லு."

"மொதல்ல போய் நில்லுங்கக்கா!"

பெவ் திரும்பிப் போய் நின்றாள். அறுபது பேரும் எழுந்து கைதட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் பார்வையை எடுக்கவில்லை. ஓடிப்போகக் கால் துடித்தது, அடக்கிக்கொண்டாள்.

"ஏம்மா, மத்ததெல்லாம் எப்போ?" என்று மார்ஜரி கத்தினாள்.

பெவ் கெசாயாவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அடுத்த ஞாயித்துக்கிழமை," என்றாள்.