மகாராணியின் அட்டையில் அப்பா பெயர்

தையல்காரருக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டார், எழுதி வைத்துவிடுவார். கடையின் பின்னறையில் அவர் வளர்க்கும் ஆறு பெண் மலைப்பாம்புகளுக்கும் ஆளுக்கொரு அட்டை உண்டு. தோலுரித்த தேதி, தின்ற எலி, அம்மா, அப்பா, ஒன்று விடாமல் அதில் இருக்கும். தன் கல்யாண நாளை வருஷாவருஷம் மறக்கிற மனுஷன், மகாராணி கடைசியாக எலி தின்ற கிழமையைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்.

மகாராணி பழுப்பு நிறம்தான். ஆனால் அவள் அப்பன் பால் வெள்ளை. அந்த வெள்ளை ஒரு பங்கு அவளுக்குள் ஒளிந்திருக்கிறது. வெள்ளை மகா கூச்சக்காரி, தனியாகத் தலைகாட்ட மாட்டாள். அம்மாவிடமிருந்து ஒரு பங்கு, அப்பாவிடமிருந்து ஒரு பங்கு சேர்ந்தால்தான் குட்டி வெள்ளையாகப் பிறக்கும். சட்டைக்கு அளவு கொடுக்க வருகிறவர்களைக் கையைத் தூக்கி நிற்கவைத்து அவர் இந்தப் பாடத்தை நடத்துவார். பாடம் முடியும்வரை யாரும் கையை இறக்க முடியாது.

வெள்ளை ஆண் கிடைக்கும்வரை மகாராணியை எதனுடனும் சேர்ப்பதில்லை என்று பிடிவாதமாக இருந்தவர், கால் உடைந்து மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். பாம்புகளைப் பார்த்துக்கொண்டது மனைவியின் தம்பி. பூட்டு ரிப்பேர் செய்கிறவர். அவரிடமும் சோம்பேறி என்றொரு ஆண் பாம்பு இருந்தது.

தையல்காரர் வீடு திரும்பிச் சில வாரத்தில் மகாராணி ஏழு முட்டை இட்டாள்.

"சோம்பேறிய உள்ள விட்டியா மச்சான்?"

"சோம்பேறிக்கும் இந்த முட்டைக்கும் சம்பந்தமே இல்ல மச்சான்."

"பூட்டுக்காரன் கையில சாவியக் கொடுத்தேன் பாரு, என்னைச் சொல்லணும்."

செருப்பை மாட்டிக்கொண்டு போன பூட்டுக்காரர் அப்புறம் அந்த வாசலை மிதிக்கவில்லை. தையல்காரர் அட்டையை எடுத்து, முட்டைகளின் அப்பா என்ற இடத்தில் 'சோம்பேறி, திருட்டுத்தனமாக' என்று சிவப்பு மையில் எழுதினார்.

"எனக்குன்னு இருக்கறது ஒரே தம்பி. பாம்புக்கு அப்பனத் தேடி அவனத் தொலைச்சிட்டீங்க" என்றாள் மனைவி. அதன் பிறகு அவள் சிரிக்கவேயில்லை. அது அவரை உறுத்தியது. உறுத்தினால் மட்டும் போதுமா, ஆள் இறங்கி வரவேண்டாமா?

இரண்டு மாதம் கழித்து, ஏழில் நான்கு கெட்டுப்போய் மூன்று பொரிந்தன. ஒன்று பழுப்பு, இரண்டு சுத்த வெள்ளை. தையல்காரர் ஒரு நிமிஷம் குதித்தார், உடைந்த காலோடு. அடுத்த நிமிஷம் அவருடைய பாடமே அவர் மண்டையில் குட்டியது. சோம்பேறியை மச்சான் முன்பு ஒரு வெள்ளைப் பெண் பாம்போடு மூன்று முறை சேர்த்தும் இருபது குட்டியில் ஒன்றுகூட வெள்ளை இல்லை. அவனிடம் அந்தச் சரக்கே கிடையாது.

கால்நடை டாக்டரம்மாவுக்குப் போன் போட்டார்.

"மூணும் பெண்ணா? அப்ப அப்பனே கிடையாதுங்க. அபூர்வமா ஆண் சேராமலே தானா குட்டி பெத்துக்கும். நிறைய முட்டை கெட்டுப்போகும். அம்மாவோட ஒரு பங்கே ரெட்டிப்பாயிடும். வெள்ளைப் பங்கு ரெட்டிச்சா குட்டி வெள்ளை, மத்தது ரெட்டிச்சா பழுப்பு."

நொண்டிக்கொண்டே பூட்டுக் கடைக்குப் போனார். அங்கே சாவிக்குக் காத்திருந்தவர்கள் மூன்று பேர்.

"தப்பு என்னுதுதான் மச்சான். வீட்டுக்கு வா."

பூட்டுக்காரர் அரத்தை நிறுத்தவில்லை. "ராவுற சத்தத்துல சரியாக் கேக்கல மச்சான்."

தையல்காரர் தெருவுக்கே கேட்கும்படி இன்னொரு தடவை சொன்னார்.

மத்தியானம் பூட்டுக்காரர் அக்கா வீட்டில் சாப்பிட உட்கார்ந்தார். தையல்காரர் அவர் கண்ணெதிரே சிவப்பு எழுத்தை அடித்துவிட்டு, 'அப்பா: இல்லை' என்று எழுதிக் காட்டினார். அக்கா தம்பி தட்டில் மூன்றாவது முறை பரிமாறினாள். ஏதோ சொல்லிச் சிரித்தாள்.

பூட்டுக்காரர் வாயில் இருந்ததை விழுங்கினார். "மச்சான், இப்பக் கோவிச்சுக்க மாட்டீங்களே? ஒரே ஒரு மத்தியானம் சோம்பேறிய உள்ள விட்டேன். போனவன் மூலையில சுருண்டு தூங்கிட்டான். மகாராணி அவனத் திரும்பிக்கூடப் பாக்கல."

தையல்காரரின் கை தானாகச் சிவப்புப் பேனாவுக்குப் போனது. மூடியைத் திறந்தார். மனைவியைப் பார்த்தார். அவள் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றுபோயிருந்தது.

பேனாவை மூடி வைத்தார்.

"அவனுக்கு இன்னும் கொஞ்சம் போடு" என்றார்.