ரோசம்மாளின் பாதிக் குடம்

பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். காதால் கேட்டதை மண்ணைத் தோண்டிக் கண்ணால் பார்த்த பிறகே நம்ப வேண்டும், அதுதான் என் தொழில். நீங்கள் நம்பாவிட்டாலும் சரி, இதைச் சொல்லாமல் போகக் கூடாது.

அறுபதுகளின் கடைசி. காரிமங்கலம் பக்கத்து ஊர்களில் குடிநீர்க் குழாய்க் கசிவைக் கண்டுபிடிக்கும் வேலை. நீண்ட இரும்புக் கம்பியைக் குழாய்மேல் ஊன்றி மறுமுனையில் காதை வைத்தால், பூமிக்கடியில் ஒழுகும் தண்ணீர் சீறுவது கேட்கும். அந்தக் கோடையில் ஓர் ஊரில் தொட்டித் தண்ணீரில் பாதி எங்கோ போய்க்கொண்டிருந்தது. சீறல், தனியாக வாழ்ந்த ரோசம்மாள் என்பவளின் வாசலில்தான் பலமாகக் கேட்டது. தண்ணீர் திருடுகிறாள் என்று எழுதிக் கொடுத்தேன்.

"மாதா சத்தியமா இல்லீங்க. தோண்டித்தான் பாருங்களேன்" என்றாள்.

தோண்டவில்லை. "என் காது பொய் சொல்லாதும்மா" என்று சொல்லி இணைப்பைத் துண்டித்து, முனையை மூடி போட்டு அடைத்தேன்.

பத்து நாள் கழித்து உண்மையான கசிவு நாற்பது அடி தள்ளிக் கிடைத்தது. ஓசை குழாய் வழியே ஓடிவந்து அவள் வாசலில் பெரிதாகக் கேட்டிருக்கிறது.

"அந்தம்மா ஏரிக்கரைக் கெணத்துல இருந்து செமக்குது சார், தண்ணி வுட்டுடலாங்க. உங்க காது அன்னிக்கு லீவுல இருந்துச்சின்னு எழுதிடுங்க" என்று சிரித்தான் ஃபிட்டர் மாதப்பன்.

தவறு என்று எழுத மனம் வரவில்லை. அடுத்த வாரம் பார்க்கலாம் என்றேன்.

அடுத்த வாரம், பட்டப்பகல் மூன்று மணிக்கு, அவள் வாசலில் அடைத்த முனைமேல் பழக்கத்தில் கம்பியை ஊன்றினேன். குடம் நிறையும் ஓசை. சீறல் இல்லை, அடியில் கரகரத்து, மேலே வரவரச் சன்னமாகும் அதே ஓசை. உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. திருடிதான், நான் சொன்னது சரிதான் என்று கதவைத் தட்டினேன்.

பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். "பூட்டுன வூட்டை என்னத்துக்குத் தட்டறீங்க? காலைல கொடத்தோட கெணத்துப் படில வழுக்கி வுழுந்துட்டாங்க. தர்மபுரி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிருக்காங்க."

மாதப்பன் கம்பியை வாங்கிக் காதை வைத்தான். எடுத்து மறுபடி ஊன்றிக் கேட்டான்.

"இந்தத் தெரு வால்வ காலைல நான்தாங்க மூடினேன். குழாயில தண்ணியே இல்லீங்க சார்... பாதிக் கொடத்துல நின்னுடுது. திரும்ப மொதல்ல இருந்து வருது."

மூடியைக் கழற்றினோம். உள்ளே காய்ந்த துரு.

சாயங்காலம் செய்தி வந்தது, ரோசம்மாள் இறந்துவிட்டாள். மறுநாளே இணைப்பைக் கொடுத்தேன், யாருக்கென்று தெரியாமல். தவறு என்னுடையது என்று மட்டும் எங்கும் எழுதவில்லை. இப்போதுதான் எழுதுகிறேன்.

இந்த வயதிலும் காது நன்றாகவே கேட்கிறது. ஆனால் மருமகள் குழாயில் தண்ணீர் பிடிக்கும்போது, குடம் பாதி வந்ததும் எனக்கு ஓசை நின்றுவிடுகிறது. எழுந்து போய், குடம் நிறைந்துவிட்டதா என்று எட்டிப் பார்க்கிறேன். ஒவ்வொரு குடத்துக்கும்.