ஊசி குத்திய சீட்டுக்கட்டு

ஆலங்குடி பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்த நாகராசு அண்ணனைப் பற்றிச் சொல்ல எனக்கு யோக்கியதை கொஞ்சம் குறைவுதான். அவரை வாய்க்கு வந்தபடி பேசியவன் நான். ஆனால் பதினோரு வருஷம் அவருக்கு எதிரே உட்கார்ந்து சீட்டாடியவனும் நான்தான். வேறு யார் சொல்வது?

ஐம்பதாம் வருஷம் ஆரம்பித்த கச்சேரி அது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் சோலையப்பன் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்துவிடுவோம். ஆட்டம் முந்நூற்றி நாலு; அதில் ராஜா ராணியைவிட ஜாக்கிதான் பெரிய சீட்டு. அண்ணனும் நானும் ஒரு கட்சி. சோலையப்பனும் ரைஸ் மில் சிவசாமியும் எதிர்க்கட்சி. பந்தயம் காசு இல்லை, புளியங்கொட்டை. தை பிறக்கும்போது எந்தக் கட்சியிடம் கொட்டை குறைவோ, அவர்கள் நாலு குடும்பத்துக்கும் தங்கள் கையால் சமைத்துப் போட வேண்டும். அந்தச் சாம்பாரை நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது.

ஐம்பத்தெட்டில் அண்ணன் தப்பும் தவறுமாக ஆட ஆரம்பித்தார். இஸ்பேட் இறக்க வேண்டிய இடத்தில் கிளாவரை இறக்குவார். ஒரு நாள் கைக்கு வந்த ஆட்டத்தையே கோட்டை விட்டார். எனக்கு வந்ததே கோபம்!

"கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?" என்று கத்திவிட்டேன்.

எழுந்து போன அண்ணன் நிலைப்படியில் நெற்றியை இடித்துக்கொண்டார். அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

திருச்சி டாக்டர் பார்த்துவிட்டு, கண்ணில் அழுத்தம், போன பார்வை திரும்பாது, மிச்சமும் போய்விடும் என்று சொல்லிவிட்டார். அப்படியே ஆயிற்று. வேலையை விட்டபோதுகூட அண்ணன் கலங்கவில்லையாம். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி ஆனால் மட்டும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறார் என்று அவர் மனைவி மருதாயி அண்ணி வந்து சொன்னார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

வழி சொன்னது சோலையப்பனின் சம்சாரம் பொன்னுத்தாய். "சீட்டுல ஊசியால குத்தி வச்சா வெரலு படிக்காதா?"

மொத்தம் முப்பத்திரண்டு சீட்டு. மேல் ஓரத்தில் இஸ்பேடுக்கு ஒரு குத்து, ஆட்டினுக்கு இரண்டு என்று வைத்தோம். ராஜாவா ராணியா ஜாக்கியா என்பதற்குப் பக்க ஓரத்தில் தனிக் கணக்கு. வேறு கச்சேரியில் சீட்டில் இப்படிக் குத்தி வைத்தால் கையை ஒடித்து அனுப்புவார்கள். நாங்கள் நாலு பேரும் சேர்ந்தே செய்தோம். இறக்கும் சீட்டின் பேரை வாய்விட்டுச் சொல்வது என்றும் வைத்துக்கொண்டோம்.

அண்ணன் மூன்றே வாரத்தில் பழகிவிட்டார். அதற்கப்புறம் தொடர்ந்து நாலு ஞாயிறு ஜெயித்தார். ஐந்தாவது ஞாயிறு ஆட்டத்தின் நடுவே நிறுத்திக் கேட்டார்.

"சிவசாமி, ஆட்டின் ஜாக்கி ஒன்கிட்டத்தான் இருந்திருக்கணும். ஏன் போடல?"

"மறந்துட்டேண்ணே."

அண்ணன் கையிலிருந்த சீட்டைப் பாயில் வைத்தார். "குத்துனது முதுகுப் பக்கமுந்தான தெரியும்? என் சீட்டையெல்லாம் பாத்துப்புட்டு விட்டுக்குடுக்குறீங்க. தருமச் சோறு எனக்கு வேணாம்ப்பா. ஆளா நெனச்சா ஆடுங்க. இல்லாட்டி என்னைய விட்டுருங்க."

அவர் சொன்னது சரிதான். பார்க்கக் கூடாது என்றுதான் நினைப்போம், கண் தானாகப் போய்விடும். பார்த்த பிறகு அவரைத் தோற்கடிக்க யாருக்கும் மனசு வரவில்லை. நான் தோளில் கிடந்த துண்டை எடுத்து என் கண்ணை இறுக்கிக் கட்டிக்கொண்டேன். அவர் கையைப் பிடித்து முடிச்சின் மேல் வைத்தேன். "தொட்டுப் பாருங்கண்ணே. இப்ப ஆடுவீங்களா?"

"மத்த ரெண்டு பேரு?"

"நாங்களும் கட்டியாச்சுண்ணே," என்றார் சோலையப்பன்.

அண்ணன் அவர்கள் முகத்தையும் தடவிப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். வழக்கம்போல இறக்கும் சீட்டின் பேரை அவரவர் சத்தமாகச் சொல்ல வேண்டும், சரிபார்க்க பொன்னுத்தாய்.

"கண்ணாமூச்சியா சீட்டாட்டமா இது?" என்று அந்தம்மாவுக்குச் சிரித்து மாளவில்லை.

நாங்கள் ஒவ்வொரு சீட்டாகத் தடவித் திணறினோம். அண்ணனுக்கு அது தண்ணி பட்ட பாடு. அந்தத் தைரியத்தில் கடைசி ஆட்டத்தில் இத்தனை புள்ளி எடுப்போம் என்று கேட்கும் கேள்வியை இருநூற்றைம்பதுக்கு ஏற்றிவிட்டார். என் கையிலோ ஒன்றும் இல்லை. நடு ஆட்டத்தில் சோலையப்பன், "ஜாக்கி!" என்று பாயில் ஓங்கி அடித்தார். பொன்னுத்தாய் ஆமாம் என்றார். அதோடு எங்கள் கதை முடிந்தது.

"வசமா மாட்டுனீங்களாண்ணே!" என்று சிவசாமி கண்கட்டோடு எழுந்து குதித்துத் தூணில் முட்டிக்கொண்டார்.

நான் துண்டை அவிழ்த்து அண்ணனைப் பார்த்தேன். முகமெல்லாம் வேர்த்திருந்தது. "அந்த ஜாக்கி ஒன்கிட்ட இருக்குன்னுல்ல நெனச்சேன், ராமு!" என்று தொடையில் அடித்துக்கொண்டார். அடுத்த வாரம் இவனுகளை விடக்கூடாது என்றார். என் தோளைப் பிடித்துக்கொண்டு தெருவில் என்னை இழுக்காத குறையாக நடந்தார். வீட்டு வாசலை எட்டும் முன்பே குரல் கொடுத்தார்.

"மருதாயி! நான் தோத்துட்டேன்டி! நெசமாவே தோத்துட்டேன்!"