தரை வரை ஒரு சேலை

பீர்மேட்டுக்குச் சுற்றுலா வருபவர்களுக்காக, அந்தக் காலத்துத் தோட்டக்காரி வேஷம் போட்டு, பெரிய இரும்புச் சட்டியில் தேயிலை வறுத்துக் காட்டுவது என் வேலை.

என் இரண்டு காலிலும் காலிப்பர் உண்டு, நடக்கத் தாங்கிப் பிடிக்கும் இரும்புக் கம்பி. கேட்பவர்களுக்குப் பதில் சொல்லி மாளாது என்பதால் சேலையைத் தரை வரை இறக்கிக் கட்டுவேன். அடுப்புச் சூட்டில் உள்ளே கம்பி காய்வது எனக்கு மட்டும் தெரியும்.

இன்று கேமராவோடு வந்த ஒருவர் சுவரிலிருந்த பழைய போட்டோவைக் காட்டினார்.

"இதுல எல்லாரும் சேலையைத் தூக்கிச் செருகியிருக்காங்க. நீங்க மட்டும் இழுத்து விட்டிருக்கீங்களே? சரித்திரம்னா கரெக்டா இருக்கணும்மா."

கூட வேலை பார்க்கும் செல்வியக்கா முறைத்தாள். "அவளுக்கு அதுதான் தோது, சார்."

எனக்கென்னவோ அந்த மனுஷர் சொன்னது நியாயமாகவே பட்டது. அடுப்படியில் நிற்கிறவள் எவள் சேலையைத் தரையில் புரள விடுவாள்?

முழங்கால் வரை தூக்கிச் செருகினேன். காற்று பட்டதும் அப்படியொரு சுகம்.

"இப்ப சரியா இருக்கா, சார்?"

அவர் படம் மட்டும் எடுத்தார். கேட்டு வாங்கிப் பார்த்தேன். இடுப்புக்கு மேலேதான் இருந்தது.

நாளையும் இப்படியேதான் நிற்கப்போகிறேன். சரித்திரம் கரெக்டாக வேண்டுமென்பவர்கள் கேமராவைக் கொஞ்சம் இறக்கிப் பிடிக்கலாம். என்ன சொல்றீங்க?