நகல் வைத்துக்கொள்ளாத ஜலால் பாய்

ஜலால் பாய் போய்விட்ட செய்தி வந்தபோது பெரம்பலூரில் என் கடையில் ஒரு பழைய கணினியின் மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அவர் மகள் நஸ்ரின்தான் கூப்பிட்டாள். "அக்கா, அத்தா மவுத்தாயிட்டாங்க. டீ குடிச்சிட்டு உக்காந்திருந்தாங்க, அப்படியே போயிட்டாங்க" என்றாள். கடையை அப்படியே சாத்திவிட்டு அரியலூர் பஸ்ஸில் ஏறினேன். பாதி வழியில்தான் திருப்புளி இன்னும் என் கையிலேயே இருப்பதைப் பார்த்தேன்.

பழைய கணினிகளை வாங்கி விற்கும் நம் வட்டாரத்து ஆட்களுக்கு அவரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை, அத்தர் மணம், எதிரில் இருப்பவர் அசந்து போகும் வரை பேச்சு. "அரியலூர் ஜில்லாவுல ஜலாலுதீன் வித்த பொட்டி திரும்பி வந்ததா சரித்திரம் இருக்கா, சொல்லு செல்வி" என்று என்னிடம் கேட்பார். இருந்தது. ஒரே ஒரு முறை திரும்பி வந்தது. அதைத்தான் நான் இங்கே சொல்லப்போகிறேன், அவருடைய பெருமைக்கெல்லாம் அதுதான் வேர்.

உடையார்பாளையத்தில் முருகேசன் என்பவர் எம்பிராய்டரி கடை வைத்திருந்தார். வயதாகிவிட்டதால் கடையை மூடிவிட்டு மிஷினையும் கணினியையும் அதிலிருந்த சாப்ட்வேரையும் சேர்த்து விற்க நினைத்தார். ஆண்டிமடம் கலைச்செல்வி அப்போதுதான் ரவிக்கை தைக்கும் கடை ஆரம்பித்திருந்தாள். ஜலால் பாய் நடுவில் நின்று பேசி முடித்தார். கணினியில் வரைந்த பூவை ஊசிக்குப் புரியும்படி மாற்றித் தருவது அந்தச் சாப்ட்வேர்தான். அது இல்லாவிட்டால் மிஷின் சும்மா நிற்கும். கலைச்செல்வி காதில் கழுத்தில் கிடந்ததையெல்லாம் அடகு வைத்துத்தான் வாங்கினாள்.

ஆவணி முகூர்த்தங்கள் நெருங்கிய நேரம். கல்யாணப் பெண்களின் பட்டு ரவிக்கைத் துணிகள் அவள் கடையில் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. ஒரு நாள் காலையில் சாப்ட்வேர் திறக்கவில்லை. இந்த உரிமம் வேறொரு கணினியிலும் ஓடுகிறது, அதனால் நிறுத்தப்பட்டது என்று திரையில் வந்தது. கணினியையும் மிஷினோடு வந்த சாமான் டப்பாவையும் பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு அவள் பஸ் ஏறி அரியலூரில் பாய் கடைக்கு வந்துவிட்டாள். நானும் அன்று ஏதோ சாமான் வாங்க அங்கே போயிருந்தேன். பாயின் முகம் வெளுத்ததை நான் பார்த்தது அன்று மட்டும்தான்.

கடையில் இருந்த ஒரு மெக்கானிக் யோசனை சொன்னார். "இதுக்கு ஏன் இவ்வளவு யோசிக்கிறீங்க? பூட்ட உடைச்ச காப்பி என் பென்டிரைவ்ல இருக்கு. இப்பவே போட்டுத் தரேன்."

கலைச்செல்விதான் முதலில் பேசினாள். "திருட்டுது எனக்கு வேணாங்க. நான் விலை குடுத்து வாங்கியிருக்கேன். என்னுது எனக்கு வேணும்."

பாய் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். "கெளம்பு புள்ள. செல்வி, நீயும் வா. முருகேசன போய்ப் பாப்போம்."

உடையார்பாளையத்தில் முருகேசன் எங்களை ஆசையாக உட்காரவைத்துக் காபி கொடுத்தார். விசாரித்ததும் எதையும் மறைக்காமல் வீட்டுக் கணினியைத் திறந்து காட்டினார். சாப்ட்வேர் அதிலும் இருந்தது. தொழில் செய்வதற்காக அதை வைத்திருக்கவில்லை. பக்கத்திலேயே விளக்கு ஏற்றி, திரைக்குச் சந்தனம் குங்குமம் இட்டிருந்தார். "எல்லாத்தையும் வாரிக் குடுத்துட்டா ராசி போயிடும்பாரு எங்கப்பா. நெல்லு வித்தாக்கூட ஒரு மரக்கா வூட்டுல நிறுத்திட்டுத்தான் அளப்போம். அதான் இதுல ஒண்ணு வச்சுக்கிட்டேன். நேத்து வெள்ளிக்கிழமை, சாமி கும்புட்டுட்டுத் தொறந்து பாத்தேன்" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

பாய் கோபப்படவில்லை. "முருகேசன், மாட்ட வித்துட்டு மறுநாளு செம்பத் தூக்கிக்கிட்டுப் பால் கறக்கப் போவீங்களா?"

"அது எப்படி பாய் போவேன்?"

"இதுவும் அதுதாங்க. நெல்லுல ஒரு மரக்கா எடுத்தா வாங்குனவனுக்கு ஒரு மரக்காதான் கொறையும். இதுல நீங்க ஒண்ணு வச்சுக்கிட்டா அந்தப் புள்ளைக்கு மொத்தமும் இல்லாமப் போயிடுது."

முருகேசன் கலைச்செல்வியைப் பார்த்தார். அவள் மடியில் இருந்த பையை இறுக்கிப் பிடித்திருந்தாள். "எனக்குத் தெரியாதும்மா" என்றார். பாய் நாற்காலியை அவர் பக்கம் திருப்பிப் போட்டு, "நீங்களே அழிங்க. உங்க கையால அழிச்சாத்தான் அது அவளுக்குப் போய்ச் சேரும்" என்றார். முருகேசன் கும்பிட்டுவிட்டு அழித்தார். பிறகு பாய் மிஷினோடு வந்த சாமான் டப்பாவிலிருந்து ஒரு பழைய பாபினை எடுத்து, கலைச்செல்வியைக் கேட்டுக்கொண்டு, முருகேசன் உள்ளங்கையில் வைத்தார். "இத வச்சுக்கங்க. ராசிக்கு இது போதும்." ஒரு முஸ்லிம் வியாபாரி எடுத்துக் கொடுத்த அந்த நூல் உருளை இன்றும் முருகேசன் வீட்டுச் சாமி மாடத்தில் இருக்கிறது.

வேலை அதோடு முடியவில்லை. பாய் தனக்குத் தெரிந்த வக்கீலைப் பிடித்தார். அவர் பட்டும் படாமல்தான் சொன்னார். "ஒரு புத்தகத்த வாங்குனா மறுபடி வித்துடலாம் பாய். சாப்ட்வேரயும் அப்படி விக்கலாம்னு நம்ம சட்டத்துல பளிச்சுனு சொல்லிட முடியாது. நாங்க விக்கவே இல்ல, பயன்படுத்த அனுமதிதான் குடுத்தோம்னு கம்பெனி சொல்லும். ஒப்பந்தத்துல என்ன இருக்குன்னு பாருங்க." பார்த்தோம். முதலில் வாங்கியவர் தன்னிடம் நகல் ஏதும் இல்லாமல், கம்பெனியின் சம்மதத்தோடு, உரிமத்தை முழுதாக இன்னொருவருக்குக் கைமாற்றலாம் என்று அதில் இருந்தது. விற்பனைக்கு முன்னால் யாரும் அந்தச் சம்மதத்தைக் கேட்கவே இல்லை. "தப்பு என் பேர்லதான்" என்று பாய் எங்கள் எல்லோர் முன்னாலும் சொன்னார். அவ்வளவு பெருமை பேசும் மனிதர் அதைச் சொல்லும்போது குரலைக் கொஞ்சமும் தாழ்த்தவில்லை.

கம்பெனியில் போனை எடுத்த பெண்ணிடமும் அதையே சொன்னார். முருகேசனைப் பேசவைத்தார், கலைச்செல்வியைப் பேசவைத்தார். கம்பெனிக்காரர்கள் யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டார்கள். அதுவரை கலைச்செல்வி கையாலேயே பூ போட்டாள், விரலெல்லாம் ஊசி குத்திய தழும்பு. பாய் தினமும் கம்பெனிக்குப் போன் செய்தார். கடைசியில் சம்மதம் வந்தது. சாப்ட்வேர் திறந்தபோது உரிமையாளர் என்ற இடத்தில் அவள் பெயர் இருந்தது. அவள் போனில் என்னிடம், "அக்கா, என் பேரு வருதுக்கா" என்றாள். அந்த ஆவணியில் ஆண்டிமடத்துக் கல்யாணங்களில் அவள் ரவிக்கைகளில் போட்ட மயில்கள்தான் மணமேடை ஏறின.

அதற்குப் பிறகு பாய் விற்பவரை உட்காரவைத்து, வாங்குபவர் கண்ணெதிரே, மிச்சமிருக்கும் நகலைத் தன் கையாலேயே அழிக்கவைக்காமல் ஒரு பெட்டியையும் கைமாற்றியதில்லை. மிஷினோடு பிறந்த சாப்ட்வேர் மிஷினோடு போகும், கடையில் தனியாக வாங்கியதைக் கம்பெனியைக் கேட்டுவிட்டுக் கைமாற்றலாம், வருஷ வாடகைக்கு எடுத்ததை யாருக்கும் விற்க முடியாது என்று வருகிறவர்களுக்கெல்லாம் வகுப்பு எடுப்பார். படிப்புக்கு மட்டும் என்று கொடுத்த சாப்ட்வேரை அழித்துவிட்டு வெறும் பெட்டியாக அவர் விற்றபோது, "இப்படி வித்தா எவன் வாங்குவான்?" என்று நம்மில் சிலர் கேலி செய்தோம். இன்று பெரம்பலூரிலும் அரியலூரிலும் பழைய கணினி வாங்க வருகிறவர்கள், "பாய் மாதிரி எங்க முன்னாடி அழிச்சுக் குடுப்பீங்கள்ல?" என்று கேட்டுவிட்டுத்தான் உட்காருகிறார்கள். நம் தொழிலுக்கு இந்த மரியாதையை வாங்கிக் கொடுத்தவர் அவர். அவருடைய கூட்டத்தில் ஒருத்தி என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு ரொம்பப் பெருமை.

துக்கமெல்லாம் முடிந்து ஒரு நாள் நஸ்ரின் தன் அத்தாவின் கணினியோடு என் கடைக்கு வந்தாள். என்னிடம்தான் கொடுக்க வேண்டும் என்று அவர் சொல்லிவைத்திருந்தாராம். திறந்ததும் பில் போடும் சாப்ட்வேரில் உரிமையாளர் என்று அவர் பெயர் வந்தது. வருஷ வாடகைக்கு எடுத்தது, யாருக்கும் மாற்ற முடியாது. நானே அழித்துவிடலாம் என்று கையைக் கொண்டுபோனேன். பிறகு நாற்காலியை நஸ்ரின் பக்கம் திருப்பிப் போட்டு, "நீயே அழிம்மா" என்றேன். அவள் வெகு நேரம் அந்தப் பெயரைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அழித்தாள்.

"அக்கா, அத்தா எல்லார்கிட்டயும் ராசிக்கு ஏதாச்சும் எடுத்துக்கச் சொல்வாங்களே. நான் எத எடுத்துக்கட்டும்?" என்றாள். அவர் விரல் பட்டுத் தேய்ந்திருந்த மவுஸைக் கழற்றி அவளிடம் கொடுத்தேன்.

எனக்கு அந்த வெறும் பெட்டியும், நாற்காலியைத் திருப்பிப் போடும் பழக்கமும் வந்து சேர்ந்தன. பழக்கம் முழுதாகவே கைமாறிவிட்டது. அவரிடம் இனி அதற்கு நகல் இல்லை.